“காவு கொடுக்குதா உங்க கோழி?” – வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, “என் சாம்பல் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் அவசரமாக எழுதுகிறேன்” என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அடைக்கோழி. அதனால் ரோஜாத் தொட்டியும் கறிவேப்பிலையும் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளட்டும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. தூரவாணி நகரில் டெலிபோன் ஃபேக்டரியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது சைட். வீடு கட்டியது போகப் பின்பக்கம் மிஞ்சிய பத்தடியில் ஏழு பெட்டை, ஒரு சேவல். அம்மா வழி ஊர் ஜோலார்பேட்டைக்குப் பக்கம். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி ஆயா சொல்லிக் கொடுத்தது. மீதிப் பாதிக்குச் சில கோழிகள் உயிரை விட்டிருக்கின்றன.

எங்கள் நாட்டுக்கோழி நாலு நாளாக முட்டை வைக்கவில்லை. பெட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. தீனியும் சரியாக எடுக்கவில்லை. நோயா, யாராவது கண் வைத்துவிட்டார்களா?
– வாசகி, லிங்கராஜபுரம்

இரண்டும் இல்லை தங்கச்சி. உங்கள் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது, அதாவது முட்டை மேல் கிடந்து குஞ்சு பொரிக்க அதற்கு மனசு வந்துவிட்டது. பெங்களூரில் இந்த விஷயத்தைச் சொல்லும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அம்மா ஊரிலிருந்து வந்து என்னோடு தங்கிய புதிதில், பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலே எட்டிப் பார்த்து, “நிம்ம கோளி காவு கொட்தா இதெ” என்றார். கன்னடத்தில் காவு என்றால் சூடு. முட்டைக்குக் கதகதப்புக் கொடுக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். என் அம்மாவுக்குக் காதில் விழுந்தது காவு மட்டும்தான். கோழியை அப்படியே அள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். “எந்தச் சாமிக்குடி காவு கேக்கறா இவ?” என்று அன்றைக்கு முழுக்க ஒரே கேள்வி.

நோயா அடையா என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். நோய்க்கோழிக்குக் கோபம் வராது. கண்ணைச் சொருகிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு நிற்கும். தூக்கினால் தூக்கின பக்கம் வரும். அடைக்கோழியிடம் கையை நீட்டிப் பாருங்கள். இரண்டு மடங்காக உப்பி, வாலை விசிறி மாதிரி விரித்து, தொண்டைக்குள்ளிருந்து கொர்ர் என்று ஒரு சத்தம் கொடுக்கும். அடிவயிற்றைத் தொட்டால் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும், நன்றாகச் சுடும். எச்சத்தையும் பாருங்கள். நாள் பூராவும் அடக்கி வைத்து, வெளியே வரும் ஒரு தடவையில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் போடும். அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

பகலில் உட்கார்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள். சில கோழிகள் விளையாட்டுக்கு இரண்டு நாள் உட்காரும். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். மற்ற கோழிகளோடு கம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் இன்னும் மனசு வரவில்லை என்று அர்த்தம். மூன்று ராத்திரி தொடர்ந்து பெட்டியிலேயே கிடந்தால் அது நிஜ அடை. அதற்கு அப்புறம் முடிவு உங்களுடையது: முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்க விடுவதா, அடையைத் தெளிய வைப்பதா. இரண்டில் ஒன்றைச் சீக்கிரம் செய்துவிடுங்கள். வெறும் பெட்டியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து இளைப்பதுதான் கோழிக்குக் கெடுதல்.

மாரத்தஹள்ளியில் மாடியில் மூன்று கோழி வளர்க்கிறேன். சேவல் கிடையாது, வீட்டுக்காரர் விடமாட்டார். ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்து 25 நாள் ஆகிறது. அடியில் அதுவே வைத்த ஆறு முட்டை. இன்னும் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?
– வாசகர், மென்பொருள் வேலை

எத்தனை நாள் காத்தாலும் ஒன்றும் வராது தம்பி. சேவல் சேராத முட்டையில் கரு கிடையாது. அந்த ஆறையும் இன்றைக்கே எடுத்து, உடையாமல் ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கட்டித் தூர எறியுங்கள். மாடியில் ஒன்று வெடித்தால் வீட்டுக்காரர் கோழியை மட்டும் இல்லை, உங்களையும் காலி பண்ணச் சொல்லுவார்.

கோழிக்குத் தேதி தெரியாது. முட்டை இருக்கிறதா, கரு இருக்கிறதா என்றும் தெரியாது. தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைக்கிற அதே புரோலாக்டின்தான் கோழியை அடையில் உட்கார வைக்கிறது. அடிவயிறு சூடாக, இருட்டான மூலையில் இருக்கும் வரைக்கும் அது சுரந்துகொண்டே இருக்கும். அதனால் தெளிய வைக்க வேண்டுமென்றால் வயிற்றுக்குக் காற்றுப் பட வேண்டும். கம்பி அடி வைத்த ஒரு கூண்டை நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். உள்ளே வைக்கோலும் வேண்டாம், சாக்கும் வேண்டாம். வெளிச்சமான, ஆனால் வெயில் நேராக அடிக்காத இடம். தீனியும் தண்ணீரும் தாராளமாக. மூன்று நாலு நாளில் தெளிந்துவிடும். உங்கள் கோழி 25 நாள் உட்கார்ந்திருப்பதால் ஒரு வாரம்கூட ஆகலாம். வெளியே விட்டதும் நேராகப் பழைய மூலைக்கு ஓடினால் திரும்பக் கூண்டு. தெளிந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும், இளைத்திருந்தால் கொஞ்சம் கூட ஆகும்.

வேறு வைத்தியமும் யாராவது சொல்லுவார்கள். எங்கள் ஆயா, அடை தெளிய வேண்டுமென்றால் கோழியின் இறகு ஒன்றைப் பிடுங்கி அதன் மூக்கிலேயே குறுக்கே குத்தி விடுவார். கோழி தலையை உதறிக்கொண்டே முற்றம் முழுக்க ஓடும். இன்னும் சிலர் வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். ஆயாவிடம் நான் கற்றவற்றில் இந்த ஒன்றை மட்டும் கையால் தொட்டதில்லை. நீங்களும் தொடாதீர்கள். இங்கே டிசம்பர், ஜனவரிக் குளிரில் நனைந்த கோழிக்குச் சளி பிடிக்க ஒரு ராத்திரி போதும்.

குஞ்சு பார்க்க ஆசை இருந்தால் இன்னொரு வழி உண்டு: சேவலோடு திரிகிற பெட்டைகள் உள்ள வீட்டிலிருந்து முட்டை வாங்கி வைப்பது. கடையில் “நாட்டு முட்டை” என்று பழுப்பாக அடுக்கி வைத்திருப்பதை வைக்காதீர்கள். ஓட்டின் நிறத்துக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை. பழுப்பு முட்டை போடும் பண்ணைக் கோழிகளும் சேவல் முகம் பார்க்காதவைதான். ஆனால் 25 நாள் கிடந்த கோழியை இன்னும் 21 நாள் உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். இந்தத் தடவை தெளிய வையுங்கள். அடுத்த அடைக்குப் பார்க்கலாம்.

அடை வைக்கப் போகிறேன். முட்டையோடு கரித்துண்டு, இரும்புத் துண்டு, காய்ந்த மிளகாய் போட வேண்டும், இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா? முட்டை ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டுமா?
– வாசகி, விவேக் நகர்

போடுங்கள். கரி ஒன்றும் செய்யாது, மிளகாயும் ஒன்றும் செய்யாது, மாமியார் நிம்மதியாகத் தூங்குவார். இரும்பு மட்டும் சின்ன ஆணியாக, கூடைக்கு அடியில் இருக்கட்டும். கோழி ஒரு நாளில் எத்தனையோ தடவை முட்டைகளைப் புரட்டும். நடுவில் கனமான நட்டு போல்ட்டு கிடந்தால் இடி விழாமலே முட்டை விரிசல் விடும். ஒற்றைப்படையும் அப்படித்தான், பதினொன்று வைத்தால் எண்ணிக்கையும் சரி, சம்பிரதாயமும் சரி. சாதாரண நாட்டுக்கோழிக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு. சிறுவிடை என்கிற சின்ன உடம்புக் கோழி என்றால் எட்டு, ஒன்பதோடு நிறுத்துங்கள். இறக்கைக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் அது ஒன்றோடு போகாது. புரட்டுகிற புரட்டில் நாளுக்கு ஒரு முட்டை ஓரத்துக்கு வந்து, ஒவ்வொன்றாகக் குளிர்ந்து போகும்.

சித்திரை, வைகாசியில் பெங்களூரில் இடியோடு சாய்ந்தர மழை வருமே, அதில் முட்டையைக் கெடுப்பது சாரல்தான். நனைந்த வைக்கோல், ஈரம் ஏறிய ஓடு. கூடையை மேலே கூரை உள்ள சுவரோரம் வையுங்கள். நான் தக்காளி மார்க்கெட்டில் வருமே, அந்தப் பிளாஸ்டிக் கிரேட் வைத்திருக்கிறேன். அடியில் ஒரு பழைய சாக்கு, அதன் மேல் இரண்டு கை அளவு காய்ந்த மண், மண்ணை நடுவில் சட்டி மாதிரி குழித்து, மேலே வைக்கோல். மண் இல்லாமல் வெறும் வைக்கோல் வைத்தால் கோழி மிதித்து மிதித்து நடுவில் ஓட்டை விழுந்து, முட்டை பிளாஸ்டிக்கைத் தொடும்.

முட்டை ஒரு வாரத்துக்கு உள்ளே வைத்ததாக இருக்கட்டும். பத்து நாள் தாண்டினால் பொரிப்பது குறையும். கழுவாதீர்கள், அழுக்காக இருந்தால் அதைச் சாப்பிட்டுவிட்டு வேறு வையுங்கள். கூர் முனை கீழே இருக்கும்படி அட்டையில் அடுக்கி வையுங்கள். ஊரிலிருந்து கொண்டு வந்தால் வந்த உடனே அடை வைக்கக் கூடாது. நான் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த முட்டையைக்கூட ஒரு நாள் அப்படியே ஓய்வாக வைத்து, மறுநாள் ராத்திரிதான் வைப்பேன். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இல்லாவிட்டால் மற்ற கோழிகள் சத்தம் போடாமல் வந்து அதே கூடையில் முட்டை வைத்துவிட்டுப் போகும், பத்தாம் நாள் எது பழையது எது புதியது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

கோழியை இடம் மாற்றுவதும் முட்டை வைப்பதும் இருட்டின பிறகு. தேதியைக் காலண்டரில் எழுத மறந்தாலும் கிழமையை மறக்காதீர்கள். திங்கள் ராத்திரி வைத்தால் மூன்று வாரம் கழித்து வரும் திங்களன்று பொரியும். ஒரு நாள் முன்னே பின்னே ஆகும்.

வீட்டில் இருக்கும் கிரிராஜா கோழி அடைக்கே உட்கார மாட்டேன் என்கிறது. என்ன கொடுத்தால் உட்காரும்?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

எதைக் கொடுத்தாலும் உட்காராது ஐயா. நம்ம ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவாக்கிய கோழி அது. கொல்லையில் வளரவும் முட்டைக்கும் கறிக்கும்தான் உருவாக்கினார்கள், அடைக்கு இல்லை. ஒரு நாட்டுப் பெட்டை வாங்கி அதன் அடியில் வையுங்கள்.

எட்டாம் நாள். கோழி எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. தீனியைக் கூடைக்குள்ளேயே போட்டுவிடலாமா? எழுப்பினால் முட்டை ஆறிப்போகாதா?
– வாசகி, ஜீவன்பீமா நகர்

கூடைக்குள் தீனி போடவே கூடாது. எறும்பு வரும், எலி வரும், கோழி அங்கேயே எச்சம் போடும், முட்டையெல்லாம் நாசம். எழுப்புங்கள். பதினெட்டாம் நாள் வரை நாளுக்கு ஒரு தடவை, முடிந்தால் ஒரே நேரத்தில். எனக்குக் காலை காபி முடிந்த கையோடு ஏழு மணி. இரண்டு கையையும் இறக்கைக்கு அடியில் மெதுவாக நுழைத்து, அக்குளில் முட்டை எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் தூக்கி, இடுப்பு உயரத்திலிருந்து முட்டை விழுந்து உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே குஞ்சு கால்களை மடக்கிக்கொண்டு இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கீழே விட்டால் ஒரு நிமிஷம் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். பிறகு திடீரென்று ஞாபகம் வந்த மாதிரி எழுந்து, எச்சம் போட்டு, தண்ணீர் குடித்து, தீனியை வாரி அடிக்கும். சோளம், கம்பு, கேழ்வரகு என்று முழுத் தானியம் கொடுங்கள். வயிற்றில் நின்று செரிக்கும், கழிச்சலும் ஆகாது. ஓரத்தில் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி இருந்தால் புரண்டு எழுந்து ஓடும். பதினைந்து இருபது நிமிஷத்தில் தானே திரும்பும். அரை மணி ஆனாலும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

இந்தத் தினப்படி எழுப்புதலை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கருப்பி. ஏழெட்டு வருஷம் இருக்கும். பங்குனி மாத அடை. நல்ல கோழி, நாலு தடவை குஞ்சு இறக்கியது. நான் அப்போது இரண்டாவது ஷிஃப்ட், காலையில் அசந்து தூங்குவேன். “அதுவே எழுந்து சாப்பிட்டுக்கொள்ளும்” என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் வாக்கில் கொண்டை வெளுத்த மாதிரி இருந்தது. அடைக்கோழிக்குக் கொண்டை கொஞ்சம் மங்குவது சகஜம்தானே என்று நினைத்தேன். பதினைந்தாம் நாள் வெள்ளரி விதை நிறத்துக்கு வந்துவிட்டது. பதினாறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் முட்டைகளின் மேல் தலையைத் தொங்கப் போட்டுச் செத்துக் கிடக்கிறது. அடியில் முட்டைகள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன.

தூக்கினேன். தூக்கிய அடுத்த நொடி முழங்கை வரைக்கும் குறுகுறு என்று ஏதோ ஏறியது. பார்த்தால் சிவப்பும் சாம்பலுமாக மிளகாய்த்தூள் சிந்திய மாதிரி, அந்தத் தூள் நகர்கிறது. செல்லுப்பூச்சி. அப்போது கிரேட் இல்லை, மரப்பெட்டி. அதன் இடுக்கில் ஒரு குச்சியை விட்டு இழுத்தேன், குச்சி முனை ரத்தமாக வந்தது. என் கருப்பியின் ரத்தம். அந்தப் பூச்சி பகலில் மரத்து இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரியில் வந்து உறிஞ்சும். மற்ற கோழி என்றால் இடம் மாறி உட்காரும், மண்ணில் புரளும். அடைக்கோழி முட்டையை விட்டு நகராது, இரவெல்லாம் உட்கார்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அதற்குப் பிறகுதான் மரப்பெட்டியை எரித்துவிட்டுப் பிளாஸ்டிக் கிரேட்டுக்கு மாறினேன். ஒவ்வொரு அடைக்கும் முன்னால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, மொட்டை மாடி வெயிலில் ஒரு நாள் காய வைப்பேன். வாரத்துக்கு ஒரு ராத்திரி, ஒரு வெள்ளைத் துணியைக் கூடையின் ஓரத்தில் தேய்த்து டார்ச்சில் பார்ப்பேன். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் அன்றைக்கே வைக்கோல் முழுவதையும் மாற்றிப் பழசைக் கொளுத்த வேண்டும். கோழி மேல் போட மருந்தைக் கால்நடை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்கிற கரப்பான் மருந்தை அடித்துவிடாதீர்கள். காலையில் எழுப்பும்போது கொண்டையின் நிறத்தையும், கையில் ஏதாவது ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். தீனி தின்றதா என்பது அதற்கு அப்புறம்தான்.

எங்கள் கோழி தீனிக்கு எழுந்து, திரும்பிப் போகும்போது பக்கத்து வெறும் பெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் கவனிக்க ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. முட்டைகள் ஜில்லென்று இருந்தன. தூக்கி எறிந்துவிடலாமா?
– வாசகி, ஹொரமாவு

எறியாதீர்கள். கோழியைத் தூக்கி மறுபடி முட்டை மேல் வைத்துவிட்டு ஐந்து நாள் பொறுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கரு நான் நினைத்ததைவிடக் கெட்டி என்று பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் தாமதமாகப் பொரியலாம். அந்த வெறும் பெட்டியை முதலில் அங்கிருந்து எடுங்கள். கோழிக்கு முட்டையைவிட இடம்தான் ஞாபகம் இருக்கும்.

வெளிச்சத்தில் பார்ப்பது எப்படி?
– வாசகர், அல்சூர்

ஏழாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சின் மேல் முட்டையின் பருத்த முனையை வைத்து, சுற்றிலும் விரலால் மூடிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமில்லாமல் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்தால் கரு இல்லை, எடுத்துவிடலாம். நரம்பு இல்லாமல் ஒரே ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் கரு நின்றுபோய்விட்டது. அதையும் எடுத்துவிடுங்கள், பின்னால் கூமுட்டையாகி நாறும். சந்தேகமாக இருந்தால் பதினாலாம் நாள் இன்னொரு தடவை. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டைகளைத் தொடவே வேண்டாம்.

இருபத்தோராம் நாள் ஏழு பொரிந்தன. எட்டாவது, ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டு ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது. மனசு கேட்காமல் நானே ஓட்டை உரித்துவிட்டேன். ரத்தம் வந்தது. காலையில் இறந்துவிட்டது. என் பெண் என்னோடு பேச மாட்டேன் என்கிறாள்.
– வாசகி, காக்ஸ் டவுன்

நானும் உரித்திருக்கிறேன் அம்மா. எனக்கு இரண்டு குஞ்சு போனது.

ஓட்டை போட்ட பிறகு குஞ்சு சும்மா இருக்கிற மாதிரி தெரியும் அந்த நேரத்தில் உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிற சவ்வில் ஓடும் ரத்தத்தை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போகிறது. இது முடிய அரை நாளும் ஆகும், ஒரு முழு நாளும் ஆகும். அதற்கு முன் உரித்தால் அந்த ரத்தக் குழாய்தான் கிழியும். கத்தியது வலியில் இருக்க வேண்டும் என்பதில்லை. பொரிகிற முட்டைக்கும் தாய்க்கும் பேச்சு உண்டு. குஞ்சு உள்ளிருந்து கத்தும், கோழி மேலேயிருந்து சன்னமாகக் கொக் கொக் என்று பதில் சொல்லும். பெண்ணுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

மற்ற ஏழும் முதல் ஒன்றிரண்டு நாள் தீனி இல்லாமல் தாயின் அடியிலேயே இருக்கும். வயிற்றுக்குள் போன மஞ்சள் கருதான் அப்போதைக்குச் சாப்பாடு. மீதி முட்டைகளுக்காக 23ஆம் நாள் வரைக்கும் பாருங்கள், அப்புறம் கூடையைக் காலி பண்ணிவிடலாம்.

தெருவில் பச்சை, ரோஸ் சாயம் அடித்த குஞ்சுகள் விற்கிறார்கள். பிள்ளைகள் கேட்டு நச்சரிக்கிறார்கள். அடைக்கோழியின் அடியில் விட்டால் ஏற்றுக்கொள்ளுமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பொரித்து ஓரிரண்டு நாளான குஞ்சாக இருந்து, கோழியும் இரண்டு மூன்று வாரம் அடையில் உட்கார்ந்து, நீங்கள் ராத்திரி இருட்டில் ஒவ்வொன்றாக அடியில் தள்ளினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நிறத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. விடிந்ததும் குரலைக் கேட்டுத்தான் பிள்ளை என்று நம்பும். காலையில் வெளிச்சம் வந்ததும் பக்கத்தில் நில்லுங்கள், கொத்தினால் உடனே பிரிக்க வேண்டும்.

ஆனால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைக்கு வேண்டாம் என்று தள்ளப்பட்ட சேவல் குஞ்சுகள். வெயிலிலும் பசியிலும் பாதி செத்துத்தான் உங்கள் கைக்கு வரும். கூடவே நோயையும் கூட்டி வந்தால் உங்கள் சொந்தக் கோழிகளுக்கும் ஆபத்து. ஆசைக்கு வாங்குவதென்றால் ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. பயிற்சியும் கொடுக்கிறார்கள். அங்கே விசாரித்துப் பாருங்கள்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?
– வாசகர், ராமமூர்த்தி நகர் (நம்ம ஏரியா!)

பழமொழி சாகாது என்கிறது. சாகும். பெருவிடைக் கோழியை ஒரு அட்டைப்பெட்டிக்குள் பத்துக் குஞ்சோடு அடைத்தால் முதல் ராத்திரியே ஒன்று நசுங்கும். பழமொழி சொன்னவர் வீட்டில் முற்றம் பெரிதாக இருந்திருக்கும். அகலமான இடத்துக்கு மாற்றுங்கள். பகலில் பஞ்சாரத்தில், அதாவது கோழி கவிழ்க்கிற பெரிய கூடையில் கவிழ்த்து வையுங்கள், எங்கள் பக்கத்தில் கொடாப்பு என்போம். பருந்தும் தூக்காது, பூனையும் அண்டாது. எங்கள் தெருவில் காலை பத்து மணிக்குச் சரியாக ஒரு பருந்து வட்டம் போடும். அதற்கு முன்னால் என் சேவல் ஒரு நீளமான குரல் கொடுக்கும், அத்தனை குஞ்சும் இறக்கைக்குள் போய்விடும். தண்ணீருக்குச் சட்னிக் கிண்ணம் போதும், அதிலும் கூழாங்கல் போட்டு வையுங்கள். ஒரு அங்குலத் தண்ணீரில் குஞ்சு முழுகும்.

தீனியில் ஒரு தப்பு எல்லோரும் செய்கிறார்கள். தாய்க்கு வாங்கிய முட்டைக்கோழித் தீவனத்தையே குஞ்சும் தின்னட்டும் என்று விடுகிறார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து கூட, குஞ்சின் சிறுநீரகம் தாங்காது. குஞ்சுத் தீவனத்தை இரண்டு பேருக்கும் போடுங்கள், தாய்க்கு அதனால் கெடுதல் இல்லை. நொய்யும் கேழ்வரகும் மேலே கொறிக்க. வெந்த முட்டை மஞ்சளை உதிர்த்துப் போட்டால் சண்டை போட்டுத் தின்னும்.

தடுப்பூசி கட்டாயமா? பத்துக் குஞ்சுதான் இருக்கிறது.
– வாசகி, லிங்கராஜபுரம் (முதல் கேள்வி கேட்ட வாசகி இல்லை, இது வேறு வீடு)

கட்டாயம். வெள்ளைக்கழிச்சல் வந்தால் பத்தும் ஒரே வாரத்தில் போகும். பொரித்த ஏழாம் நாள் வாக்கில் லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரம் ஊசி. சிக்கல் என்னவென்றால் மருந்துக் குப்பி நூறு கோழிக்குக் குறையாமல் வரும், கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், ஐஸில் வைத்துத்தான் எடுத்து வர வேண்டும். அதனால் நாங்கள் நாலு வீடு சேர்ந்து வாங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் நாலு கூடை, ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் ஐஸ், கண்ணாடியைத் தேடிக்கொண்டு நான். லிங்கராஜபுரத்திலிருந்தே இரண்டு கடிதம் வந்திருக்கிறதே, உங்கள் தெருவில் இன்னும் யார் யார் வீட்டில் கோழி கத்துகிறது என்று விடியற்காலையில் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

தாய் எப்போது குஞ்சுகளை விட்டுப் பிரியும்? நாங்களே பிரிக்க வேண்டுமா?
– வாசகி, ஆஸ்டின் டவுன்

வேண்டாம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு நாள் காலையில் தாயின் கொண்டை பழையபடி சிவப்பேறி இருக்கும். அன்றைக்குத் தீனி போடும்போது கூப்பிடாது. கிட்டே வந்த குஞ்சை ஒரு கொத்து கொத்தும். குஞ்சு நம்பாமல் திரும்ப வரும், இன்னொரு கொத்து. சாயந்தரம் தாய் மட்டும் கம்பின் மேல் ஏறி மற்ற பெட்டைகளோடு உட்கார்ந்துகொள்ளும். குஞ்சுகள் கீழே பழைய மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடைந்துகொண்டு கொஞ்ச நேரம் கத்தும். அந்த ஒரு ராத்திரி மட்டும் அவற்றின் மேல் ஒரு சாக்கைப் போட்டு வையுங்கள்.